தொழிலாளர்கள் பாதுகாப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்குகிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆலைகளில் விபத்துத் தடுப்பைப் பார்க்கும் பாதுகாப்பு அதிகாரியாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வோர் இடத்திலும் முதல் வாரத்திலேயே என் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "நாங்க எவ்வளவோ சொல்றோம், இவங்களுக்கே அக்கறை இல்ல." ஆனால் தளத்தில் இறங்கி ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார்த்ததில், தன் விரல் மேல் அக்கறை இல்லாத ஆளை நான் இதுவரை கண்டதில்லை. முன்பு எப்போதோ சொல்லியிருப்பார்கள், பலன் இருந்திருக்காது. அல்லது சொன்னதற்காகவே திட்டு வாங்கியிருப்பார்கள். பேச்சு எந்த இடத்தில் அடைத்துக்கொண்டது என்று தேடுவதுதான் நம் வேலை.

உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காரணங்கள் செலவில்லாததில் தொடங்கி, செலவு பிடிப்பதில் முடியும். அதே வரிசையில் பாருங்கள். ஒன்று பொருந்தினால் அதைச் சரிசெய்து இரண்டு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 'உடனே நிறுத்துங்கள்' என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது.

## அறிகுறி 1: நியர் மிஸ் தகவல் வருவதே இல்லை

மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்தது, யார் மேலும் படவில்லை. ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது ஒருவர் சட்டென்று விலகிக்கொண்டார். இப்படி நூலிழையில் தப்பியவைதான் நியர் மிஸ். ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் இது நடக்காத மாதம் அபூர்வம். பதிவேட்டில் மாதக்கணக்கில் 'ஏதுமில்லை' என்று இருந்தால் தளம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழுது பதிவேட்டில் இருக்கிறது.

### எழுதுவதே பாடாக இருக்கிறதா?

சோதனை எளிது. ஒரு சம்பவத்தை நினைத்துக்கொண்டு அந்தப் படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். கையுறையைக் கழற்றுவது, பேனா தேடுவது எல்லாவற்றையும் நேரத்தில் சேருங்கள். 3 நிமிடத்துக்கு மேல் ஆனால் படிவத்தைச் சுருக்குங்கள். எங்கே, என்ன நடந்தது, என்ன ஆகியிருக்கும் என்ற மூன்று கேள்விகள் போதும். எழுதச் சிரமப்படுபவர்கள் வாயால் சொல்லட்டும், இன்னொருவர் எழுதிக்கொள்ளலாம். போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினாலும் சரி. வேறு மொழி பேசுபவர்கள் தளத்தில் இருந்தால் படிவம் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும்.

### புகார்ப் பெட்டி எங்கே தொங்குகிறது?

சூப்பர்வைசர் அறை வாசலிலோ கேமராவுக்கு நேராகவோ தொங்கினால் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். உடை மாற்றும் அறைக்கோ கை கழுவும் இடத்துக்கோ மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

### முன்பு சொன்னதற்குப் பதில் போனதா?

நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட இடங்களில் கோளாறு இங்கேதான் இருந்தது.

ஓர் ஆலையில் புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூட்டை அறுத்துத் திறந்தோம். உள்ளே பதினேழு சீட்டுகள். அதில் நான்கு ஒரே கையெழுத்து, ஒரே விஷயம்: பின்பக்க இரும்புப் படிக்கட்டில் எட்டாவது படி ஆடுகிறது. முதல் சீட்டில் படம் வரைந்து, எந்தப் பக்கத்து வெல்டிங் விட்டிருக்கிறது என்று அம்புக்குறி போட்டிருந்தார். இரண்டாவதில் படம் இல்லை. மூன்றாவது ஒரே வரி. நான்காவதில் 'எட்டாவது படி' என்ற இரண்டு சொற்கள் மட்டும். ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்திக்கொண்டதை அந்த நான்கு சீட்டுகளில் பார்த்தேன். அன்று மாலையே வெல்டரைக் கூட்டிப் போய்ப் படியைச் சரிசெய்தோம். மறுநாள் அந்தச் சீட்டை எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டி, 'சொன்னது சரி. தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை முடிந்தது' என்று தேதி போட்டு எழுதினோம். அந்த வாரம் ஆறு புதிய தகவல்கள் வந்தன.

அதனால் சோதனை இது: கடைசியாக வந்த பத்துப் புகார்களை எடுங்கள். எத்தனைக்குப் பதில் போனது, எத்தனை நாளில் போனது என்று எண்ணுங்கள். சரிசெய்ய முடியாதவற்றுக்கும் பதில் வேண்டும். 'இதற்கு உதிரி பாகம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை இந்த வழியை மூடிவிடுகிறோம்' என்று சொல்வதும் பதில்தான். 48 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பதில் என்பதை நான் கணக்காக வைத்திருக்கிறேன்.

### சொன்னவருக்கு என்ன ஆனது?

தகவல் சொன்னவர்களில் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கெட்ட ஷிப்டுக்கு மாற்றினார்கள், 'நீ ஏன் அங்கே நின்றாய்' என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள் என்று பதில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

விமானத் துறை இதை 1976-லேயே சந்தித்தது. அமெரிக்காவில் விமானிகளின் தவறுகளையும் நூலிழைச் சம்பவங்களையும் தெரிவிக்கும் ஏற்பாட்டை, தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நாசாவிடம் கொடுத்தது. சொன்னவர் யார் என்ற அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் தகவலைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. நீங்களும் அதையே சின்ன அளவில் செய்யலாம். தகவலை வாங்குபவரும் சம்பள உயர்வு, ஷிப்ட் முடிவு செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

### 'விபத்தில்லா நாட்கள்' பரிசு இருக்கிறதா?

வாசலில் '300 நாள் விபத்தில்லை' பலகையும், 365 ஆனால் எல்லோருக்கும் பரிசும் இருந்தால், விரல் நசுங்கியவர் கையைப் பையில் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கூட இருப்பவர்களின் பரிசைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? சோதனை: முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, பிளாஸ்டர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பெட்டி காலியாகி, பதிவேடு வெறுமையாக இருந்தால் பரிசு வாயை அடைத்திருக்கிறது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். காயத்தால் வேலைநாள் இழப்பில்லாமல் ஏழு ஆண்டுகள் ஓட்டியதைப் பாராட்ட நிறுவன அதிகாரிகள் வந்து இறங்கியிருந்த நாளும் அதுதான். அந்தக் கணக்கு வழுக்கி விழுவது, கை நசுங்குவது போன்ற காயங்களைப் பற்றிப் பேசும். கிணற்றுக்குள் அழுத்தம் ஏறுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பரிசை ஒரேயடியாக நிறுத்தினால் கோபம் வரும், அது நியாயமும்கூட. அதே தொகையை 'சொல்லிச் சரிசெய்யப்பட்டவை' என்ற கணக்குக்கு மாற்றுங்கள். மேலிடத்தில் பேசி ஒப்புதல் வாங்க வேண்டியிருப்பதால் இந்தப் பட்டியலில் இதுதான் கடினம்.

### எப்போது வெளியாள் வேண்டும்?

பழிவாங்கல் நடந்திருக்கிறது என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் நீங்களே விசாரிக்காதீர்கள். நீங்களும் நிர்வாகத்தின் சம்பளம் வாங்குபவர்தான். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை வைத்துப் பேச வையுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களையும் சேருங்கள்.

## அறிகுறி 2: பாதுகாப்புக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை

காது கேட்கிறதா? பின்வரிசையில் போய் நில்லுங்கள். கம்ப்ரசர் சத்தத்தில் பாதி விழாது. இடத்தை மாற்றுங்கள்.

எந்த நேரம்? ஷிப்ட் முடிந்தபின் வைத்தால் எல்லோர் கண்ணும் வாசலில்தான் இருக்கும். வேலை நேரத்துக்குள், தொடக்கத்தில், 10 நிமிடம் வையுங்கள்.

யார் பேசுகிறார்? சூப்பர்வைசர் தாளைப் பார்த்து வாசித்து, கடைசியில் 'யாருக்காவது சந்தேகமா?' என்றால் மௌனம்தான் பதில். கேள்வியை மாற்றிப் பாருங்கள்: 'இன்றைய வேலையில் யாருக்காவது அடிபடும் என்றால் எந்த இடத்தில் படும்?' இதற்கு எப்போதும் யாராவது பதில் சொல்வார்கள். பத்து வருடமாக அந்த மெஷினோடு இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. கூட்டத்தை வாரம் ஒருவர் நடத்தட்டும், ஹெல்பர் உட்பட. முதல் இரண்டு முறை திணறுவார்கள், விட்டுவிடுங்கள்.

முதலில் பேசியவருக்கு என்ன கிடைத்தது? 'அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், கூட்டம் அடங்கிவிடும். இது சூப்பர்வைசரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். எல்லோர் முன்பும் அவரைத் திருத்தினால் அவரும் மௌனமாகிவிடுவார், உங்களுக்கு இரண்டு பழுது சேரும்.

## அறிகுறி 3: கொடுத்த சாதனங்களை மாட்டுவதில்லை

### கையில் கிடைக்கிறதா?

இரவு 2 மணிக்குப் போய் ஒரு ஜோடி கையுறை கேட்டுப் பாருங்கள். ஸ்டோர் பூட்டியிருந்தால் அதற்கு மேல் தேட வேண்டாம். தொலைந்ததற்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155-ஆவது உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது.

### பொருந்துகிறதா, மாட்டத் தெரியுமா?

ஒரே அளவில் மொத்தமாக வாங்கிய ஷூ, ஆவி படியும் கண்ணாடி, பெண்களின் கைக்குத் தொளதொளவென்று நிற்கும் கையுறை. இவற்றை மாட்டச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை. அடுத்த முறை வாங்குவதற்கு முன் மூன்று மாதிரிகளை வரவழைத்து, போட்டு வேலை செய்யப் போகிறவர்களே ஒரு வாரம் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். தாங்களே தேர்ந்தெடுத்ததை மாட்டாமல் விடுபவர்கள் குறைவு. முகத்தோடு இறுக ஒட்ட வேண்டிய சுவாசக் கவசம் தாடி இருந்தால் ஒட்டாது. அவர்களுக்கு வேறு வகை வேண்டும்.

இயர் பிளக்கைப் பலர் காது ஓரத்தில் சும்மா செருகியிருப்பார்கள். நுரை வகையாக இருந்தால் முதலில் விரலால் மெல்லியதாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, பிளக்கை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். இதை ஒருமுறை கூட நின்று செய்து காட்டுங்கள். 'இத்தனை நாள் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கேன்' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்போதே சத்தம் அடங்கியதை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது.

### மாட்டுவதே ஆபத்தா?

அவர்கள் மறுப்பது சரியாகவும் இருக்கலாம். லேத், டிரில்லிங் மெஷின் போலச் சுற்றும் பாகங்கள் உள்ள இடத்தில் கையுறை சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். 'எல்லா இடத்திலும் கையுறை கட்டாயம்' என்று பொதுவாக ஓர் உத்தரவு இருந்தால் அதை இன்றே திருத்துங்கள். மறுத்த ஆபரேட்டரிடம் போய் நன்றி சொல்லுங்கள்.

### மேலாளர்கள் மாட்டுகிறார்களா?

ஒரு நாள் தளத்துக்குள் வரும் மேலாளர்களை எண்ணுங்கள். ஹெல்மெட் இல்லாமல் நடந்த ஒருவர், நீங்கள் ஒட்டிய பத்துச் சுவரொட்டிகளை அழித்துவிடுவார்.

### ஆபத்தையே எடுக்க முடியாதா?

செலவு பிடிக்கும் காரணம் இது. சத்தம் எழுப்பும் மெஷினை மூடாமல் எல்லோர் காதையும் மூடச் சொல்கிறோம். தூசியை உறிஞ்சும் குழாய் போடாமல் முகக்கவசம் கொடுக்கிறோம். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். தினமும் 8 மணி நேரம் அதில் நின்றால் நாளடைவில் கேட்கும் திறன் கெடும். அந்த நிலையில் அளவெடுக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநரைக் கூப்பிடுங்கள். போன் செயலியில் அளந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

## அறிகுறி 4: கார்டைக் (மெஷினின் பாதுகாப்பு மூடியை) கழற்றிவிட்டு மெஷினை ஓட்டுகிறார்கள்

உடனே நிறுத்துங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள், கார்டு திரும்ப ஏறும்வரை ஓட்டக் கூடாது. திட்டுவது இப்போது வேண்டாம், கேள்விதான் வேண்டும்.

கழற்றியது யார் என்று கேட்காதீர்கள், எதற்கு என்று கேளுங்கள். ஒரு கான்வேயரில் கார்டை எட்டு போல்ட் பிடித்திருந்தது. ஷிப்டுக்குப் பத்துத் தடவையாவது பொருள் சிக்கும். ஒவ்வொரு முறையும் எட்டு போல்ட் கழற்றி, மாட்டினால் அன்றைய எண்ணிக்கை வராது, எண்ணிக்கை வராவிட்டால் திட்டு விழும். அந்த ஆபரேட்டரிடம் உட்கார்ந்து பேசியபோது, பொருள் ஏன் சிக்குகிறது என்பதையும் அவரே சொன்னார்: உள்ளே வரும் சரிவு கொஞ்சம் கோணல். மெயின்டனன்ஸ் ஆட்கள் சரிவை நேராக்கிய பிறகு சிக்குவது நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. கார்டு தானாக இடத்தில் நின்றது.

வரிசை இதுதான். முதலில் அடைப்புக்குக் காரணம், அடுத்து இலக்கில் சுத்தம் செய்யும் நேரம் சேர்ந்திருக்கிறதா என்பது, அதற்கும் பிறகுதான் கார்டின் வடிவமைப்பு. திறந்தால் மெஷின் தானே நிற்கும் கதவு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், அதை மெஷின் தயாரித்தவரோ தகுதியுள்ள பொறியாளரோ செய்யட்டும். சென்சாரை ஏமாற்ற யாராவது டேப் ஒட்டியிருந்தாலும் அதைச் சரிசெய்வது அவர்கள் வேலைதான். உங்கள் எலக்ட்ரீஷியன் வயரை மாற்றிக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பழுது பார்க்க உள்ளே கைவிடும் ஒவ்வொருவருக்கும், துண்டித்த மின்சாரத்தை யாரும் திரும்பப் போடாதபடி பூட்டத் தனிப் பூட்டு, ஒரே சாவி, அதுவும் அவர் பையில். மாற்றுச் சாவி சூப்பர்வைசர் மேஜையில் இருந்தால் அந்தப் பூட்டுக்கு மதிப்பில்லை.

## அறிகுறி 5: ஆபத்து தெரிந்தும் வேலையை நிறுத்துவதில்லை

'யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்று சுவரில் எழுதியிருக்கும். கடைசியாக நிறுத்தியவர் யார் என்று கேட்டால் பெயர் வராது.

எப்படி நிறுத்துவது என்று தெரியுமா? நேற்று சேர்ந்தவரிடம் கேளுங்கள். எந்தப் பட்டன், யாரிடம் சொல்வது, மீண்டும் தொடங்கச் சொல்வது யார் என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

நிறுத்துவது முழு நிறுத்தம் மட்டும்தானா? நடுவில் ஒரு படி இருந்தால் ஆட்கள் துணிவார்கள். டொயோட்டாவின் கார் ஆலைகளில் உற்பத்தி வரிசையோரம் இருக்கும் கயிற்றை இழுத்தால் முதலில் குழுத் தலைவர் ஓடிவருவார். வண்டி குறிப்பிட்ட இடத்தை எட்டுவதற்குள் சிக்கல் தீராவிட்டால்தான் வரிசை நிற்கும். கயிற்றை இழுப்பது அங்கே ஆளைக் கூப்பிடுவதுதான், எல்லோரையும் நிறுத்திவிட்டோமே என்ற பயம் அதில் இல்லை. உங்கள் இடத்தில் ஒரு விளக்கோ மணியோ போதும். உயிராபத்து என்றால் மட்டும் நடுப்படி கிடையாது, நேராகச் சிவப்புப் பட்டன்தான்.

தவறாக நிறுத்தியவரை என்ன செய்தீர்கள்? நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நல்லெண்ணத்தோடு நிறுத்தினார், போய்ப் பார்த்தால் ஆபத்து ஒன்றும் இல்லை. அந்த நிமிடத்தில் சூப்பர்வைசர் முகம் சுளித்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள். 'நல்லது, சந்தேகம் வந்தால் இப்படியே செய்யுங்கள்' என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகிய தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று அதே 155-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான பணியிடத்தை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தும்விட்டது.

நிறுத்தியவரை வேலையைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போனால் உங்கள் எல்லை முடிந்தது. தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போக வேண்டிய விஷயம் அது.

## அறிகுறி 6: பாதுகாப்புக் கமிட்டி இருக்கிறது, வேலை நடப்பதில்லை

கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்பை எடுங்கள். ஒரே விஷயம் மூன்றிலும் 'நடவடிக்கையில் உள்ளது' என்று இருந்தால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் கூட்டத்துக்கு வருவதில்லை. அவரை வரவையுங்கள். உறுப்பினர்களை நிர்வாகம் பொறுக்கியதா, தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தார்களா என்றும் பாருங்கள். கேட்காமலே செலவு செய்யும் ஒரு சின்னத் தொகையைக் கமிட்டியிடம் கொடுங்கள். விளக்கு மாற்றவும் கைப்பிடி போடவும் மூன்று கையெழுத்து எதற்கு?

## அறிகுறி 7: கான்ட்ராக்ட் ஆட்கள் மட்டும் ஒதுங்குகிறார்கள்

அவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கூப்பிட்டும் வரவில்லை என்றால் அந்த 10 நிமிடத்துக்குக் கூலி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றும் வரவில்லை என்றால், பேசினால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில்தான் சரிசெய்ய முடியும். தகவல் சொன்னவரை நீக்கக் கூடாது என்ற வரியை அடுத்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

## இந்த இடங்களில் யாரும் கை வைக்க வேண்டாம்

ஆர்வம் வந்தபிறகு வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. பேசத் தொடங்கியவர்கள் தாங்களே சரிசெய்யவும் இறங்குவார்கள். பின்வருபவற்றில் அவர்கள் வேலை சொல்வதோடு நிற்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தொட்டி, குழி, சாக்கடை போன்ற மூடிய இடங்கள். காற்றில் ஆக்சிஜன் வழக்கமாக 20.9 சதவீதம் இருக்கும். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே நுழையக் கூடாது. மூக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, அளவுக் கருவி வேண்டும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற ஓடியவரும், அவருக்குப் பின்னால் ஓடியவரும் இறந்த சம்பவங்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. நல்ல மனம் உள்ளவர்தான் முதலில் குதிப்பார். அதனால் 'குதிக்காதே, மீட்புக் குழுவைக் கூப்பிடு' என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

மின் பலகை, அழுத்தக் கலன், கிரேன், விரிசல் விட்ட தூண். இவற்றுக்குத் தகுதிச் சான்று உள்ளவர்கள் மட்டும்.

பெரிய விபத்து நடந்து முடிந்த தளம் இன்னொன்று. அங்கே பேச்சு நின்றுபோனால் மேலே சொன்ன சோதனைகள் எதையும் ஓட்டாதீர்கள். பார்த்தவர்கள் அதே மெஷினுக்கு முன் நிற்கிறார்கள், சிலருக்குத் தூக்கம் இருக்காது. மனநல ஆலோசகரை வரவழையுங்கள், விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கூட்டங்களை மெதுவாகத் தொடங்கலாம். முதல் கூட்டத்தில் நீங்கள் ஒன்றும் கேட்காமல், விபத்துக்குப் பிறகு என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் தளத்தில் நடந்து காட்டுங்கள்.